ரயிலுக்கு காஷன் ஆர்டர், ஊழியருக்கு?

பாலக்காடு ஜில்லாவில், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரமாக, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் பஞ்சாயத்து பெருமாட்டி. மேற்கே போனால் மலையாளம், கிழக்கே போனால் தமிழ். வீட்டுக்குள் காது கொடுத்தால் இரண்டும் கலந்த ஒன்று. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்வருவதை எங்கள் பக்கத்தில் யாரும் வெளிமாநிலப் பயணம் என்று நினைத்ததில்லை. இந்தப் பஞ்சாயத்தின் பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டதற்குக் காரணம் பிளாச்சிமடையில் வந்த குளிர்பானத் தொழிற்சாலை. அந்தக் கதையின் தண்ணீர்ப் பக்கத்தைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கத்தைத்தான் இங்கே எழுத உத்தேசம். ஒரு ஸ்தாபனம் உருமாறும்போது, அல்லது ஒரேயடியாக மூடும்போது, அதில் வேலை பார்ப்பவனுக்கு யார் சொல்கிறார்கள், எப்போது சொல்கிறார்கள், எந்த மொழியில் சொல்கிறார்கள்?

நம் சங்கக் குடும்பங்களில் பெரும்பாலானவை ரயில்வே, வங்கி, டெலிபோன், பொதுத்துறைத் தொழிற்சாலை என்று ஏதாவது ஒரு உத்தியோகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஊரை விட்டு வந்தவைதாம். எனவே இந்த விஷயம் நம் வீட்டு வாசலைத் தட்டாமல் போனதில்லை. தண்டவாளம் பார்ப்பதிலேயே முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த உதாரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் பிளாச்சிமடை. ஹிந்துஸ்தான் கோகோ கோலா பெவரேஜஸ் கம்பெனிக்கு பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸ் கொடுத்து, 2000 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. பஞ்சாயத்துக்கு வரி வரும், பையன்களுக்கு வேலை கிடைக்கும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எந்தப் பஞ்சாயத்தும் அதைத்தான் செய்திருக்கும். சில மாதங்களிலேயே சுற்றுவட்டாரக் கிணறுகளின் தண்ணீர் கெட்டுப்போய்விட்டது என்ற புகார் கிளம்பியது. 2002 ஏப்ரல் 22-ல் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே போராட்டப் பந்தல் எழுந்தது. எரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மாவின் பெயர் அங்கிருந்துதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. 2003 ஏப்ரலில், ஏ. கிருஷ்ணன் தலைவராக இருந்த பஞ்சாயத்து, லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. அதே வருஷம் டிசம்பர் 16-ல், நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2004 மார்ச் 9-ல் உற்பத்தி நின்றது.

இந்தத் தேதிகளை ஒரு தொழிலாளியின் கண்ணோடு இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். ஒவ்வொரு திருப்பமும் பஞ்சாயத்துக் கூட்டத்திலோ, கோர்ட்டிலோ, திருவனந்தபுரத்திலோ நடந்திருக்கிறது. உற்பத்தி நின்ற பிறகும் கதை முடியவில்லை. 2005 ஏப்ரலில் டிவிஷன் பெஞ்சு, தினம் 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. அதே வருஷம் ஆகஸ்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வேண்டாம் என்றது. பிறகு வழக்கு டெல்லிக்குப் போனது. அங்கே உற்பத்தியை மறுபடி தொடங்கும் உத்தேசம் இல்லை என்று கம்பெனி தரப்பில் சுப்ரீம் கோர்ட்டில் சொன்னது 2017 ஜூலையில். நின்றது 2004-ல், 'இனி இல்லை' என்று கோர்ட்டில் சொன்னது 2017-ல். நடுவில் 13 வருஷம். முப்பது வயதில் வேலைக்குப் போனவனுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது.

போராட்டக்காரர்கள் ஜெயித்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை; தண்ணீர் இல்லாமல் எந்த வேலையை வைத்து என்ன செய்வது? என் கேள்வி வேறு. ஒரே ஊரில், ஒரே தெருவில், அக்கா பந்தலில் உட்கார்ந்திருப்பாள், தம்பி கேட்டுக்குள் பாட்டில் அடுக்கிக்கொண்டிருப்பான். அவன் அக்காவிடம் பேசுவதற்குக்கூட ஏதாவது ஒரு தகவல் வேண்டாமா? ஆலை நடக்குமா, நடக்காதா, மாற்று வேலை உண்டா, கணக்கு முடித்துக் கொடுப்பார்களா? பதில் தெரியாதவன் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு நிற்பான். ஊர் இரண்டாகப் பிரிவதில் பாதி இப்படித்தான் நடக்கிறது.

டி/409

ரயில்வே ரயிலுக்கு எப்படிச் செய்தி சொல்கிறது என்பதை இங்கே கொஞ்சம் விவரிக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைப் போல ஒழுங்கான ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஓர் இடத்தில் தண்டவாளம் மாற்றுகிறோம், பாலத்தில் வேலை நடக்கிறது என்று வையுங்கள். அந்த வழியாக வரும் ஒவ்வொரு வண்டியின் டிரைவருக்கும் (இப்போது லோகோ பைலட் என்று பெயர்) ஸ்டேஷனில் காஷன் ஆர்டர் என்று ஒரு சீட்டு கொடுப்பார்கள். படிவத்தின் நம்பர் டி/409. எந்த ஸ்டேஷனுக்கும் எந்த ஸ்டேஷனுக்கும் நடுவில், எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரை, என்ன வேகத்தில், என்ன காரணத்துக்காக என்று அதில் எழுதியிருக்கும். அவர் படித்துக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். அதோடு விடுவதில்லை. பிராட்கேஜ் பாதையில் அந்த இடத்துக்கு 1,200 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை. வேலை நடக்கும் இடத்தில் வேகத்தைக் காட்டும் பலகை. தாண்டியதும் 'டி/பி', 'டி/ஜி' என்று இரண்டு மஞ்சள் பலகைகள், பாசஞ்சருக்கு ஒன்று, கூட்ஸுக்கு ஒன்று: கட்டுப்பாடு முடிந்தது, இனி உன் வேகத்தில் போகலாம் என்று அர்த்தம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு படிவம், டி/ஏ 409. முன்னால் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்றால் அதையும் எழுதிக் கொடுப்பதற்கான சீட்டு அது. 'நில்' காஷன் ஆர்டர் என்போம். சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதால் சும்மா இருந்துவிடக் கூடாது. ஒன்றுமில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சீட்டு வரவில்லை என்றால் டிரைவருக்கு இரண்டு அர்த்தம் தோன்றும். பாதை நன்றாக இருக்கிறது என்பது ஒன்று, ஸ்டேஷன் மாஸ்டர் மறந்துவிட்டார் என்பது மற்றொன்று. அந்தச் சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ யோசித்திருக்கிறார்.

மனிதர்கள் விஷயத்தில் இந்த மூன்றும் காணாமல் போய்விடுகின்றன. 1,200 மீட்டர் முன்னால் பலகை கிடையாது. வேலை நடக்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. முடிவு எதுவும் எடுக்கவில்லை என்றால் அப்படி ஒரு வரி எழுதுவதில்லை. டீக்கடை அந்த வரியைத் தானே எழுதிக்கொள்கிறது. மாற்றம் முடிந்துவிட்டது, இனி இதுதான் நிலைமை என்று சொல்லும் மஞ்சள் பலகையை நான் ஓர் ஆபீசிலும் பார்த்த ஞாபகம் இல்லை.

பாலக்காடும் சேலமும்

ரயில்வே என்றால் மாறாத மலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் ஸ்தாபனம். 1951 ஏப்ரல் 14-ல் சவுத் இந்தியன் ரயில்வே, மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றும் சேர்ந்து சதர்ன் ரயில்வே ஆயின. எஸ்.ஐ.ஆரின் தலைமையிடம் திருச்சி. புது ரயில்வேயின் தலைமையிடம் சென்னை. பொன்மலையிலும் திருச்சியிலும் வேரூன்றிய எத்தனை குடும்பங்கள் அப்போது பெட்டி கட்டியிருக்கும்! பிறகு ஒலவக்கோட்டைத் தலைமையிடமாக வைத்துக் கோட்டம். அதிலிருந்தும் மதுரையிலிருந்தும் பிரித்து 1979 அக்டோபர் 2-ல் திருவனந்தபுரம் கோட்டம். கடைசியாக, 2007 நவம்பர் 1-ல் பாலக்காட்டின் பெரும்பகுதியைப் பிரித்தெடுத்துச் சேலம் கோட்டம்.

நவம்பர் 1 கேரளம் பிறந்த நாள். அன்றைக்குத்தான் பாலக்காடு கோட்டம் பாதியாக வேண்டுமா என்று எங்கள் பக்கத்தில் கேட்டவர்கள் உண்டு. சேலம், ஈரோடு, கோயம்புத்தூர் என்று வருமானம் வரும் ஸ்டேஷன்களும் ஈரோடு லோகோ ஷெட்டுகளும் புதுக் கோட்டத்துக்குப் போயின. நம் தமிழ்நாட்டு அன்பர்களுக்கு அது வெகுநாள் கோரிக்கை நிறைவேறிய சந்தோஷம்; அதில் நியாயமும் உண்டு. கேரளத்தில் கடையடைப்பு, மறியல், சட்டசபைப் பேச்சு. கட்சிகளும் பத்திரிகைகளும் மாநிலத்துக்கு மாநிலம் லாப நஷ்டக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன.

நடுவில் மாட்டிக்கொண்டவர் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ஊழியர். அவருக்கு மாநில கௌரவத்தைப் பற்றிய கவலை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான். பகலில் அவர் கேட்டவை வேறு. என் சீனியாரிட்டி எந்த லிஸ்டில் இருக்கும்? புதுக் கோட்டத்தில் எனக்கு முன்னால் எத்தனை பேர்? ஆப்ஷன் கொடுத்தால் திரும்பி வரலாமா? கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? பெண் பத்தாம் வகுப்பு, நடுவருஷத்தில் மாற்றுவார்களா? சேலம் போனால் அவள் மலையாள மீடியத்தை என்ன செய்வது? இங்கேயே இருந்தால் சின்னவனின் தமிழ் மீடியத்தை என்ன செய்வது? ரயில்வேயில் சீனியாரிட்டி என்பது ஜாதகம் மாதிரி. அதில் நாலு இடம் கீழே இறங்கினால் பிரமோஷன் நாலு வருஷம் தள்ளும், பென்ஷனில் அது கடைசி வரை தெரியும். இதை அறியாத அதிகாரி கிடையாது. ஆனாலும் புதுக் கோட்டத்தால் நிர்வாகத்துக்கு என்ன சௌகரியம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, சீனியாரிட்டியைப் பற்றி 'விதிகளின்படி' என்று ஒற்றை வார்த்தையில் முடிக்கும் சர்க்குலர்கள்தாம் சர்க்கார் உத்தியோக உலகம் முழுக்க நடமாடுகின்றன. எந்த இலாகா என்று கேட்காதீர்கள். உங்கள் இலாகாவும் அப்படித்தான் இருக்கும்.

எங்கள் ஊரை ஒட்டிய மீனாட்சிபுரம் வழியாகப் போகும் பாலக்காடு – பொள்ளாச்சி மீட்டர்கேஜ் பாதை 1932-ல் போட்டது. 1992-ல் தொடங்கிய யூனிகேஜ் திட்டம் அதைத் தொட்டபோது 2008 ஆகிவிட்டது. அகலப்படுத்துவதற்காக மூடினார்கள், திறந்தது 2015-ல். 60 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்கு ஏழு வருஷம். மீட்டர்கேஜ் 1,000 மில்லிமீட்டர், பிராட்கேஜ் 1,676 மில்லிமீட்டர். வித்தியாசம் இரண்டே கால் அடிதான். ஆனால் பாலம், பிளாட்பாரம், கர்வ், சிக்னல் எல்லாம் அதற்காக மாற வேண்டும். ராமேஸ்வரத்துக்கும் பழனிக்கும் அந்த வண்டியில் போய்ப் பழகியவர்கள் பஸ்ஸுக்கு மாறினார்கள். ஒரு கேங் தான் பார்த்த பாதையைத் தானே பெயர்த்து எடுக்கும் வேலை எப்படிப்பட்டது என்பது, பெயர்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

டூல் பாக்ஸ் மேல் ஒரு கூட்டம்

வேறொரு மாநிலத்தில், வேறொரு மீட்டர்கேஜ் பாதையை மூடும் சமயம் நடந்ததைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். கேங்கில் பாதிப்பேர் நம் பக்கத்துக்காரர்கள். வேலை நிறுத்தி வெயிலாற உட்கார்ந்திருந்தோம். மேட் என்று நாங்கள் சொல்லும் கேங் தலைவர், கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், எழுத்து அதிகம் தெரியாதவர், வாயைத் திறந்தார்: "ஏனுங்க சார், மெதுவாப் போன்னு இஞ்சினுக்கே பேப்பர் குடுக்கறீங்கோ. எங்களுக்கு ஒரு சீட்டு கெடையாதுங்களா?"

நான் அன்றைக்குச் சின்ன சூப்பர்வைசர். என்னிடம் சீட்டு இல்லை. ஆனால் எனக்கு மேலே இருந்த இன்ஜினியர் காது உள்ளவர். அடுத்த வாரம் டிராலியில் வந்து இறங்கினார். டூல் பாக்ஸ் மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு காகிதத்தை எடுத்தார். அந்தப் பகுதியின் கேங்மேன், கீமேன், கேட்மேன் அத்தனை பேரின் பெயரும் அதில் இருந்தது. ஒவ்வொரு பெயராகப் படித்தார். நீ இந்த ஸ்டேஷன், நீ அந்த ஸ்டேஷன், உனக்கு மார்ச்சுக்கு அப்புறம், உன் குவார்ட்டர்ஸ் இன்னும் முடிவாகவில்லை, முடிவானதும் பத்தாம் தேதி சம்பளத்தன்று சொல்கிறேன். அவர் ஹிந்தியில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். முடிவாகவில்லை என்று சொன்னாரே, அதைத்தான் ஜனங்கள் ரொம்ப மதித்தார்கள். சொன்ன பத்தாம் தேதி வந்தார், அன்றைக்கும் முடிவாகவில்லை, அதையும் வந்து சொல்லிவிட்டுப் போனார். 'நில்' காஷன் ஆர்டர்! கெட்ட செய்தி கிடைத்த நாலைந்து பேர் கூட அவரிடம் முறைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் மட்டும் தன் சம்சாரத்தைக் கூட்டி வந்து, "சார், நீங்களே ஒருக்கா இவகிட்டச் சொல்லிப்போடுங்க, நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா" என்றார்.

மொழி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மத்திய சர்க்காரின் பொது உத்தரவுகள் 1963-ம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டப்படி ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் வர வேண்டும். வருகின்றன. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த டிராக்மேனுக்கு ஒரே விஷயம் இரண்டு தடவை புரியாமல் போகிறது, அவ்வளவுதான். கேரளத்தில் 1969-ம் வருஷ ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்குத் தங்கள் மொழியிலேயே சர்க்காரோடு எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறது. பெருமாட்டி மாதிரி ஊர்களுக்கு அது பெரிய விஷயம். தொழிற்சாலை கேட்டுக்குள் அந்தச் சட்டம் நுழையாது.

கேட்டுக்குள் நுழையும் சட்டம் ஒன்று உண்டு. 1947-ம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவு. வேலை நிபந்தனைகளை மாற்ற வேண்டுமானால் 21 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றது அது. வேடிக்கை என்னவென்றால், ரயில்வே எஸ்டாப்ளிஷ்மென்ட் கோடுக்கு உட்பட்டவர்களுக்கு அந்தப் பிரிவிலேயே விலக்கு. எனவே எங்களுக்கு அந்த 21 நாளும் கிடையாது. எங்களுக்கு இருந்தது பி.என்.எம். என்ற பேச்சுவார்த்தை ஏற்பாடு, 1952 முதல். கோட்ட அளவில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யூனியனும் நிர்வாகமும் உட்கார்ந்து பேச வேண்டும். யூனியன்காரர் கேட் மீட்டிங்கில் நின்று சொல்வதுதான் நிஜமான கெஜட். 9-ஏ இருந்த பழைய சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் முதல் புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. 21 நாள் நோட்டீஸ் அதிலும் இருக்கிறது. ஆனால் தொழிற்சாலையை மூட முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி முன்பு 100 பேர் வேலை செய்யும் இடத்துக்கே பொருந்தியது. இப்போது 300 பேர் இருந்தால்தான். சின்னத் தொழிற்சாலையில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

டெலிபோன்காரர்களும் ஜப்பான்காரர்களும்

டெலிபோன் இலாகா 2000 அக்டோபர் 1-ல் பி.எஸ்.என்.எல். கம்பெனி ஆன கதை நம்மில் பலருக்கு சொந்த அனுபவம். சர்க்கார் ஊழியராகப் படுத்து கம்பெனி ஊழியராக எழுந்தார்கள் என்று அன்றைக்குக் கேலி பேசினோம். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: பென்ஷன் யார் பொறுப்பு? அதற்காக அந்த செப்டம்பரில் வேலைநிறுத்தமே நடந்தது. சர்க்காரே கொடுக்கும் என்று பென்ஷன் விதிகளில் 37-ஏ என்று சேர்த்து அறிவித்தது செப்டம்பர் 30-ம் தேதி. மாறுவதற்கு ஒரு நாள் முன்னால்! விஷயம் நல்லபடியாக முடிந்தது, சரி. அந்த ஒரு வரியை ஆறு மாதம் முன்னாலேயே எழுதியிருந்தால் எத்தனை வீட்டில் தூக்கம் கெடாமல் இருந்திருக்கும்.

அதே கம்பெனியில் 2019 நவம்பரில் வி.ஆர்.எஸ். வந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் யோசித்து எழுதிக் கொடுக்க நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை, ஒரே மாதம். 2020 ஜனவரி 31 அன்று சுமார் 78,500 பேர் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். பணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டும் காகிதம் எல்லோருக்கும் கிடைத்தது. மறுநாள் அந்த எக்ஸ்சேஞ்சை யார் பார்ப்பார்கள் என்பதை, உள்ளே தங்கியவர்களிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இது நம் நாட்டு வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒழுங்குக்குப் பேர்போன ஜப்பானில், 1987 ஏப்ரல் 1-ல் தேசிய ரயில்வேயை ஆறு பயணிகள் கம்பெனியும் ஒரு சரக்குக் கம்பெனியுமாகப் பிரித்தார்கள். வண்டிகள் ஒரு நிமிஷம்கூடத் தவறவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் புதுக் கம்பெனிகளில் சேர்த்துக்கொள்ளப்படாமல் 1990-ல் வேலை இழந்த 1,047 பேரின் வழக்கு, சமரசமாகி முடிந்தது 2010-ல்.

வீட்டுப் பக்கத்தையும் ஒரு வார்த்தை. ஆபீசில் சொல்லவில்லை என்று குறைப்படும் நாம், வீட்டில் சொல்கிறோமா? டிரான்ஸ்பர் ஆர்டரைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, பையனுக்குப் பரீட்சை முடியட்டும் என்று ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த மனிதர்களை எனக்குத் தெரியும். பையனுக்கு அப்பாவுக்கு ஏதோ வியாதி என்று பயம். ஆப்ஷன் படிவத்தில் கையெழுத்து ஒருவருடையது; பள்ளிக்கூடம், வாடகை வீடு, பாட்டியின் மருந்து, தமிழ்ப் பாடம் சொல்லித்தரும் டீச்சர் எல்லாம் மற்றவர்கள் கணக்கு. அந்தப் படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்து, எல்லோரும் படித்த பிறகு எழுதுவது என்று எங்கள் காலனியில் ஒரு குடும்பம் வழக்கமாக வைத்திருந்தது. அந்த அம்மாள்தான் நுணுக்கி எழுதியிருந்த ஒரு ஷரத்தைக் கண்டுபிடித்தார்: ஆப்ஷன் கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. அந்த வீட்டுக்காரர் கொடுக்கவில்லை.

பிளாச்சிமடைத் தொழிற்சாலைக் கட்டிடம் 2021-ல் கொரோனா சமயத்தில் சிகிச்சை மையமாகப் பயன்பட்டது. 2011-ல் கேரள சட்டசபை நிறைவேற்றிய நஷ்டஈட்டுத் தீர்ப்பாய மசோதா ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்காமல் நின்றுபோனது. 216 கோடி ரூபாய் நஷ்டஈடு என்று 2010-ல் உயர்மட்டக் குழு போட்ட கணக்கு காகிதத்தில் இருக்கிறது. பாலக்காட்டுக்கு ஈடாகக் கஞ்சிக்கோட்டில் கோச் தொழிற்சாலை என்று 2008 ரயில்வே பட்ஜெட்டில் சொன்னதும், 2012-ல் அடிக்கல் நாட்டியதும் அதே கதிதான். மீனாட்சிபுரம் வழியாக மட்டும் பிராட்கேஜ் வண்டி ஓடுகிறது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலாகா பிரிந்தபோது, கம்பெனி ஆனபோது, வங்கி இணைந்தபோது வந்த சர்க்குலர், ஆப்ஷன் படிவம், யூனியன் நோட்டீஸ் ஏதாவது உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். ஒரு நகல் எடுத்துச் சங்கத்து நூலகத்தில் கொடுத்தால், தேதிவாரியாக ஃபைல் போட்டு வைக்க நான் தயாராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கேதான் இருப்பேன்.